பிறர் சொல்லை எடுத்துரைத்தவர்: ஜி. சுப்பிரமணிய ஐயர்

(உரைநடையும் இலக்கணமும்: அயற்கூற்று)

படிக்கும் முன்

மாணவர்களே! தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வாழும் உங்களுக்கு ஒரு பணி நன்கு பழக்கமானது. வங்கியிலோ மருத்துவமனையிலோ அலுவலர் மராத்தியில் கூறுவதை நீங்கள் உங்கள் பாட்டிக்குத் தமிழில் எடுத்துச் சொல்கிறீர்கள். பாட்டியின் மறுமொழியை அலுவலருக்கு அவர் மொழியில் சொல்கிறீர்கள். அலுவலர் நான் என்று சொன்னதை நீங்களும் நான் என்றே சொன்னால் பாட்டி குழம்பிவிடுவார். ஆகவே அவர் என்று மாற்றிச் சொல்கிறீர்கள். சொற்கள் மாறுகின்றன, பொருள் மாறுவதில்லை.

ஒருவர் கூறியதை அவர் கூறியவாறே மேற்கோள் குறிகளுக்குள் தருவது நேர்கூற்று. அதனையே பொருள் மாறாமல், கேட்டவர் தம் சொற்களில் எடுத்துரைப்பது அயற்கூற்று. ஆங்கில இலக்கண வகுப்பில் ரிப்போர்ட்டட் ஸ்பீச் என்று நீங்கள் படிப்பதும் இதுவே.

பிறர் பேச்சை எடுத்துரைப்பதையே தொழிலாகக் கொண்ட ஒருவரின் வாழ்வை இப்பாடத்தில் படிக்கப்போகிறோம். அவர் வாழ்வின் இரு பெரும் நிகழ்ச்சிகள் உங்கள் நகரமாகிய மும்பையிலேயே நடந்தன. வாழ்க்கை வரலாற்றுப் பகுதியில் மேற்கோள் குறி ஒன்றுகூட இராது. எவரேனும் கூறிய செய்தி வரும்போது அஃது எவ்வாறு அமைந்துள்ளது என்பதைக் கவனித்துப் படியுங்கள்.

இளமை

தஞ்சை மாவட்டத்துத் திருவையாற்றில் 1855ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 19ஆம் நாள் சுப்பிரமணிய ஐயர் பிறந்தார். தந்தையார் கணபதி தீட்சிதர் அவ்வூர் முன்சீப் நீதிமன்றத்தில் வழக்கறிஞராக இருந்தவர். மகன் சிறுவனாக இருந்தபோதே அவர் மறைந்தார். தஞ்சையிலிருந்த தூய பேதுரு கல்லூரியில் பயின்ற சுப்பிரமணியர், பின்னர்ச் சென்னைக்கு வந்து ஆசிரியப் பயிற்சி பெற்றார். பள்ளியில் கற்பித்துக்கொண்டே தனித்தேர்வராக எழுதி 1877ஆம் ஆண்டில் இளங்கலைப் பட்டமும் பெற்றார்.

ஆறு இளைஞர்களும் ஓர் இதழும்

அக்காலத்தில் சென்னை உயர்நீதிமன்றத்தின் நீதிபதியாகத் தி. முத்துசாமி ஐயர் நியமிக்கப்பட்டார். அப்பதவியை அங்கு அடைந்த முதல் இந்தியர் அவரே. ஆங்கிலேயர் நடத்திய இதழ்கள் அந்நியமனத்தைக் குறைகூறி எழுதின. அவற்றுக்கு விடை கூற இந்தியர் கையில் இதழ் இல்லை. தம்மைப் பற்றிப் பிறர் பேசுவதைக் கேட்டுக்கொண்டு, தாம் பேச வழியின்றி இருப்பது சுப்பிரமணிய ஐயருக்கும் அவருடைய நண்பர்களுக்கும் பொறுக்க இயலாததாயிற்று.

அறுவர் கூடினர். அவர்களுள் சுப்பிரமணிய ஐயரும் வீரராகவாச்சாரியாரும் ஆசிரியர்கள். ஏனைய நால்வர் சட்டம் பயிலும் மாணவர்கள். கடனாகப் பெற்ற ஒரு ரூபாய் பன்னிரண்டு அணாவைக் கொண்டு 1878ஆம் ஆண்டு செப்டம்பர் 20ஆம் நாள் தி இந்து என்னும் ஆங்கில வார இதழைத் தொடங்கினர். முதல் இதழில் 80 படிகள் அச்சாயின. தாங்கள் நேர்மையையும் நீதியையுமே வழிகாட்டியாகக் கொள்ளப்போவதாக அவர்கள் அவ்விதழில் அறிவித்தனர். சுப்பிரமணிய ஐயர் ஆசிரியரானார். 1889ஆம் ஆண்டில் அது நாளிதழாக வளர்ந்தது.

ஆயினும் ஆங்கிலம் அறிந்தோர் மிகச் சிலரே. நாட்டின் செய்தி உழவருக்கும் வணிகருக்கும் சென்றடையவேண்டுமாயின் அது தமிழில் இருத்தல் வேண்டும் என்று அவர் கருதினார். ஆகவே 1882ஆம் ஆண்டில் சுதேசமித்திரன் என்னும் தமிழ் வார இதழையும் தொடங்கினார்.

பம்பாயில் முதல் தீர்மானம்

மாட்டுங்கா ரோடு நிலையத்தில் மின்தொடர்வண்டி ஏறிக் கிராண்ட் ரோடு நிலையத்தில் இறங்கினால், கோவாலியா டேங்க் என்னும் பகுதியை எளிதில் அடையலாம். இன்று ஆகஸ்ட் கிராந்தி மைதானம் அங்குள்ளது. அதனை அடுத்திருந்த கோகுல்தாஸ் தேஜ்பால் சமற்கிருதக் கல்லூரியில் 1885ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 28ஆம் நாள் இந்திய தேசியக் காங்கிரசின் முதல் மாநாடு கூடியது. புனேயில் நடப்பதாக இருந்த மாநாடு, அங்குக் காலரா பரவியமையால் பம்பாய்க்கு மாற்றப்பட்டது. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் 72 பேராளர்கள் வந்திருந்தனர். அம்மாநாட்டின் முதல் தீர்மானத்தை முன்மொழியும் பேறு திருவையாற்றில் பிறந்த சுப்பிரமணிய ஐயருக்குக் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 30.

இந்திய ஆட்சி நடைபெறும் முறையை ஆராய்வதற்கு அரச ஆணையம் ஒன்று அமைக்கப்படவேண்டும் என்றும், அதில் இந்திய மக்களுக்குப் போதிய இடம் தரவேண்டும் என்றும், இந்தியாவிலும் இங்கிலாந்திலும் சாட்சியங்கள் பெறப்படவேண்டும் என்றும் அத்தீர்மானம் கேட்டுக்கொண்டது.

இங்கு ஒன்றைக் காண்க. தீர்மானத்தின் ஆங்கில மூலம், இந்திய ஆட்சி இங்கும் இங்கிலாந்திலும் நடைபெறும் முறையைப் பற்றிப் பேசியது. அவையில் இருந்த அனைவரும் இங்கு என்பது இந்தியா என அறிந்திருந்தனர். இலண்டனில் இருக்கும் ஒருவர் இதனை எடுத்துரைக்கும்போதும் இங்கு என்றே எழுதினால் அச்சொல் இங்கிலாந்தைக் குறிப்பதாகிவிடும். இந்தியாவில் என்று மாற்றினால்தான் பொருள் நிற்கும். சொல்லை மாற்றாமல் விடுவதும் சில வேளைகளில் பொருளை மாற்றிவிடும் என்பதை இதனால் அறிகிறோம்.

தம் வீட்டிலேயே ஒரு விடை

குழந்தைமணம் பரவலாக இருந்த காலம் அது. மணப்பெண்கள் சிறுமியராகவே கைம்பெண்கள் ஆயினர். 1856ஆம் ஆண்டுச் சட்டம் கைம்பெண் மறுமணத்தை ஏற்றிருந்தது, சமுதாயம் ஏற்கவில்லை. சுப்பிரமணிய ஐயர் மறுமணம் வேண்டும் என்று எழுதியும் பேசியும் வந்தார்.

அவருடைய மகள் சிவப்பிரியாம்மாளும் இளம்பருவத்திலேயே கணவரை இழந்தார். அதுவரை பிறர் வீட்டு மகளிரைப் பற்றிப் படர்க்கையில் எழுதிவந்த செய்தி, இப்போது அவருக்குத் தன்மையில் வந்து நின்றது. 1889ஆம் ஆண்டு டிசம்பரில் மீண்டும் பம்பாயில் காங்கிரசு மாநாடு கூடியது. அதற்கு வந்திருந்த அவர், அந்நகரிலேயே தம் மகளுக்கு மறுமணம் செய்துவைத்தார். தாம் எழுதியதைத் தாமே செய்துகாட்டினார்.

அதற்கு அவர் கொடுத்த விலை சிறிதன்று. உறவினரும் சாதியினரும் அவரை விலக்கிவைத்தனர். நாட்டு விடுதலையில் அவரோடு உடன்பட்ட நண்பர்கள் பலரும் சமுதாயச் சீர்திருத்தத்தில் உடன்படவில்லை. எனினும் அவர் தம் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

இலண்டனில் சாட்சியம்

இந்திய அரசின் செலவினங்களை ஆராய வெல்பி பிரபுவின் தலைமையில் அரச ஆணையம் ஒன்று 1895ஆம் ஆண்டில் அமைந்தது. 1897ஆம் ஆண்டில் சுப்பிரமணிய ஐயர் இலண்டன் சென்று அதன்முன் சாட்சியம் அளித்தார். கோபால கிருஷ்ண கோகலேயும், பம்பாயைச் சேர்ந்த தீன்ஷா வாச்சாவும், வங்காளத்தின் சுரேந்திரநாத் பானர்ஜியும் அவ்வாறே சாட்சியம் அளித்தனர். இந்தியர் சாட்சியம் கேட்கப்படவேண்டும் என்று பம்பாயில் முன்மொழிந்தவர், 12 ஆண்டுகளுக்குப் பின் தாமே சாட்சியாய் நின்றார். ஆணையத்தின் நடவடிக்கைக் குறிப்பில் வினாவும் விடையும் கூறியவாறே பதிவாயின. சான்றாகப் பயன்படும் இடத்தில் நேர்கூற்றே வேண்டும். செய்தியைச் சுருக்கிப் பலருக்கும் உணர்த்தும் இடத்தில் அயற்கூற்று உதவும்.

தமிழில் ஒரு நாளிதழ்

1898ஆம் ஆண்டில் அவர் தி இந்து இதழிலிருந்து விலகினார். முழுநேரமும் சுதேசமித்திரனுக்கே உழைத்து, 1899ஆம் ஆண்டில் அதனை நாளிதழாக்கினார். தந்தி வழி வரும் செய்திகளும் தலைவர்தம் பேச்சுகளும் ஆங்கிலத்தில் இருந்தன. அவற்றை அன்றன்றே தமிழாக்கவேண்டும். பார்லிமெண்டுப் பேச்சையும் போர்ச்செய்தியையும் எளிய தமிழில் எடுத்துரைக்கும் நடை அப்போது பழக்கத்தில் இல்லை. அந்நடையை நாள்தோறும் எழுதி எழுதியே உருவாக்கவேண்டியிருந்தது.

1904ஆம் ஆண்டில் மதுரையில் பள்ளியொன்றில் தமிழாசிரியராக இருந்த இளைஞர் ஒருவரை அவர் கண்டு, உதவியாசிரியராகச் சென்னைக்கு அழைத்துவந்தார். அவ்விளைஞரே சுப்பிரமணிய பாரதியார். ஆங்கிலச் செய்திகளையும் சொற்பொழிவுகளையும் தமிழாக்கும் பணி பாரதியாருக்குத் தரப்பட்டது. தமிழ் உரைநடையின் எளிமைக்கும் விரைவுக்கும் அப்பணிமனை ஒரு பயிற்சிக்களமாயிற்று.

சுதேசமித்திரனில் வெளிவந்த கட்டுரைகளுக்காக 1908ஆம் ஆண்டில் அரசு சுப்பிரமணிய ஐயரை அரசவெறுப்புக் குற்றம் சாட்டிச் சிறைப்படுத்தியது. அப்போது அவர் கொடிய நோயால் துன்புற்றிருந்தார். பின்னர் விடுதலையானார். 1916ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் நாள் மறைந்தார்.

இலக்கணம் அறிவோம்

நேர்கூற்று அயற்கூற்றாகும்போது தன்மையும் முன்னிலையும் பெரும்பாலும் படர்க்கையாகும். நான் என்பது தான் அல்லது தாம் எனவும், நாங்கள் என்பது தாங்கள் எனவும் மாறும். இது அதுவாகும், இங்கு அங்காகும், இன்று அன்றாகும், நாளை மறுநாளாகும், நேற்று முன்னாளாகும்.

ஆங்கிலத்திலும் இம்மாற்றங்கள் உண்டு. ஆனால் வினையில் ஒரு வேறுபாடு உள்ளது. கூறினார் என்பது இறந்தகாலமாக இருந்தால், ஆங்கிலத்தில் அவர் கூறிய வினையும் ஒரு படி பின்னோக்கிச் செல்லும். வில் என்பது வுட் ஆகும். தமிழில் அவ்வாறு செல்வதில்லை. வருவேன் என்றது வருவதாக எனவும், வந்தேன் என்றது வந்ததாக எனவும் தத்தம் காலம் காட்டி நிற்கும். ஆங்கில விதியைத் தமிழுக்கும், தமிழ் விதியை ஆங்கிலத்துக்கும் கொண்டுசெல்லாதீர்கள்.

பயிற்சி

அ. எடுத்துக்காட்டில் உள்ளவாறு அயற்கூற்றாக மாற்றுக.

எ.கா. கயல்விழி, “நான் நாளை இங்கு வருவேன்” என்று கூறினாள். தான் மறுநாள் அங்கு வருவதாகக் கயல்விழி கூறினாள்.

1. ஆசிரியர், “நான் இன்று கோவாலியா டேங்க் செல்கிறேன்” என்று கூறினார்.
2. மாணவர்கள், “நாங்கள் இந்தப் பாடத்தை நேற்றே படித்துவிட்டோம்” என்று கூறினர்.
3. தாத்தா என்னிடம், “நீ இங்கே உட்கார்” என்று கூறினார்.

ஆ. விடை தருக.

1. ஆங்கில இதழ் நடத்திய சுப்பிரமணிய ஐயர் தமிழ் இதழையும் தொடங்கியது ஏன்?
2. 1885, 1889 ஆகிய ஆண்டுகளில் பம்பாயில் அவர் செய்தவை யாவை? அவற்றுள் எது அவருக்கு அரிதாக இருந்திருக்கும்? காரணம் கூறுக.

இ. செயல்பாடு

உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம், அவரோ அவருடைய பெற்றோரோ மும்பைக்கு வந்த வரலாற்றைக் கேளுங்கள். அவர் கூறியதை அயற்கூற்றில் பத்து வரிகளில் எழுதுங்கள். எழுதியதை அவருக்கே படித்துக் காட்டுங்கள். தாம் கூறியது அதுவே என்று அவர் ஒப்புக்கொண்ட பின்னரே ஏட்டில் படி எடுங்கள்.