மூளை இரசாயன அறிஞர் பச்சாவத்

வேலூர் என்றதும் கோட்டையும் மருத்துவமனையும் நினைவுக்கு வரும். தமிழகத்திலிருந்து கொச்சிக்கு வந்து தோப்பும்படியில் வாழும் நம்மவரும் அவ்வூரை அறிவர். ஆயினும், கொடிய நரம்பு நோயொன்றின் காரணம் வெளிப்பட்டதில் வேலூருக்குப் பெரும்பங்கு உண்டென்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அப்பெருமையைத் தேடித் தந்தவர் பேரறிஞர் பிமல் குமார் பச்சாவத்.

1925ஆம் ஆண்டு பிறந்த அவர், கல்கத்தாவில் பயின்று, அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். கொழுப்பிலிருந்து கீட்டோன் பொருள்கள் உண்டாக உதவும் நொதி பற்றி 1955இல் மைனர் கூன் என்பாருடன் வெளியிட்ட ஆய்வு அவருக்குப் புகழ் தந்தது. அங்கேயே தங்கியிருக்கலாம், தாயகம் திரும்பினார். கேரளத்தவரான டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949இல் வேலூரில் தொடங்கிய நரம்பியல் துறையில் சேர்ந்து, மூளை இரசாயன ஆய்வுக்கூடம் அமைத்தார்.

மின்கம்பிக்கு உறை இருப்பதுபோல் நரம்பிழைக்கும் மயலின் என்னும் கொழுப்புறை உண்டு. மூளையில் அதை நெய்பவை ஒலிகோடென்ட்ரோசைட் உயிரணுக்கள். உறையிலுள்ள சல்ஃபடைடு என்னும் கொழுப்பு எவ்வாறு உண்டாகிறது, எவ்வாறு சிதைகிறது என்பதைப் பச்சாவத் குழுவினர் ஆராய்ந்தனர். ஆட்டு மூளையே அவர்களுக்கு ஆய்வுப் பொருளாயிற்று.

நடை பழகிய குழந்தை மீண்டும் தள்ளாடும்; பின் பேச்சும் போகும். சல்ஃபடைடு தேங்கி உறை அழிவதால் வரும் நோய் இது. அமெரிக்க மருத்துவர் ஜேம்ஸ் ஆஸ்டினுடன் பச்சாவத், பாலசுப்பிரமணியன், பட்டாபிராமன் முதலியோர் 1963இல் வெளியிட்ட கட்டுரை, அரைல்சல்ஃபடேஸ்-ஏ என்னும் நொதியின் குறைவே காரணமெனக் காட்டியது. தமிழ்ப் பெயர்கள் அங்கே இடம்பெற்றது நமக்குப் பெருமையன்றோ!

1962இல் பட்நாகர் பரிசும் 1990இல் பத்மபூஷண் விருதும் பெற்ற அவர், பிற்காலத்தில் கல்கத்தாவிலும் தில்லியிலும் பணியாற்றி, 1996இல் மறைந்தார்.

நரம்பணுக்கள் வெளியிடும் குளுட்டமேட் போன்ற இரசாயனத் தூதுகளும் உறை நெய்யும் உயிரணுக்களின் வளர்ச்சியை நெறிப்படுத்துகின்றன என்று இன்று அறிகிறோம். குறைபட்ட அந்நொதியை மீட்டுத் தரும் மரபணுச் சிகிச்சைக்கு 2020இல் ஐரோப்பிய ஒன்றியமும் 2024இல் அமெரிக்காவும் ஒப்புதல் அளித்தன. நோய்க்குறி தோன்றுமுன் அளித்தால் குழந்தையின் நடை காக்கப்படும்.

எந்த நொதி குறைகிறது என்று தெரியாமல் இச்சிகிச்சை பிறந்திருக்குமா? பயன் கைகூட அறுபது ஆண்டுகள் ஆயின. நண்பர்களே, ஆய்வுக்கூடத்தில் சலிப்புத் தட்டும்போது வேலூரை நினையுங்கள். நம் ஊரிலும் உலகுக்கு உதவும் அறிவு விளையும், விதைப்பவர்தாம் வேண்டும்.