அகராதியைப் பெயர்த்தெழுதியவர்

தேர்வுக்காக அரிய ஆங்கிலச் சொற்களை மனப்பாடம் செய்யும் மாணவர்களைக் காணும்போது, எனக்கு மால்கம் எக்ஸ் நினைவுக்கு வருகிறார். 1925-இல் அமெரிக்காவின் ஒமாஹா நகரில் பிறந்த அவர், எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். 1946-இல் திருட்டுக் குற்றத்துக்காகச் சிறை சென்றார். தம் எண்ணங்களைக் கடிதத்தில் எழுதச் சொற்கள் போதாமல் தவித்தார். அகராதி ஒன்றைக் கேட்டுப் பெற்று, முதல் பக்கத்தை நிறுத்தக்குறிகள் உட்படக் கைப்பட எழுதினார். அதற்கே ஒரு நாள் ஆயிற்று. எழுதியதை உரக்கப் படித்தார்; பொருள் மறந்த சொற்களை மீண்டும் பார்த்தார். இவ்வாறே அகராதி முழுவதையும் எழுதி முடித்தார். 1952-இல் விடுதலையானவர், 1964-இல் ஆக்ஸ்போர்டு மாணவர் மன்ற மேடையில் வாதிட்டார். மறு ஆண்டு பிப்ரவரியில் சுட்டுக் கொல்லப்பட்டார். தேர்வு முடிந்ததும் பட்டியல் மறந்துபோகும். சொல்லியே தீரவேண்டிய செய்தி உள்ளவரிடமே சொல் நிலைக்கும் என்பது என் துணிபு.