ஐன்ஸ்டைன் தவறவிட்ட கணித வகுப்புகள்

பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த மகிழ்ச்சி அடங்குவதற்குள் மாணவர்கள் முன் வந்து நிற்பது பாடப் பதிவு. கட்டாயப் பாடங்களைப் பற்றிக் கவலையில்லை. அவற்றைப் பல்கலைக்கழகமே முடிவு செய்துவிடும். விருப்பப் பாடங்கள்தாம் சிக்கல். அதிலும் கணிதம், இயற்பியல், பொறியியல் பக்கம் போகும் பிள்ளைகளுக்குக் கணிதத்திலேயே பத்துப் பன்னிரண்டு பிரிவுகள் பட்டியலில் இருக்கும். எது பின்னால் உதவும், எது வீண் சுமை என்று மூத்த மாணவர்களைக் கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள்.

இந்தக் குழப்பம் உலகமே மேதை என்று கொண்டாடும் ஆல்பர்ட் ஐன்ஸ்டைனையும் விட்டுவைக்கவில்லை. மாணவராக இருந்தபோது உயர் கணிதம் தமக்கு அவ்வளவாகத் தேவைப்படாது என்று அவர் முடிவு செய்தார். அந்த முடிவு பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து அவரை நண்பர் ஒருவரின் வாசலில் கொண்டுபோய் நிறுத்தியது.

கணிதத்தில் தோற்றவர் அல்லர்

ஐன்ஸ்டைன் பள்ளியில் கணிதத்தில் தோல்வியடைந்தவர் என்ற கதை நம்மிடையே இன்னும் உலவுகிறது. படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்கு ஆறுதல் சொல்ல அது பயன்படுகிறது. ஆனால், அது உண்மையன்று.

1879ஆம் ஆண்டு மார்ச் 14ஆம் தேதி ஜெர்மனியின் உல்ம் நகரில் பிறந்த ஐன்ஸ்டைன், மியூனிக் நகரில் வளர்ந்தார். தந்தை ஹெர்மனும் சித்தப்பா யாக்கோபும் சேர்ந்து மின்சாரச் சாதனத் தொழில் நடத்தி வந்தனர். பொறியாளரான சித்தப்பா சிறுவனுக்கு இயற்கணிதம் சொல்லிக் கொடுத்தார். வாரந்தோறும் வீட்டுக்குச் சாப்பிட வரும் ஏழை மருத்துவ மாணவர் மாக்ஸ் தால்முட் அறிவியல் நூல்களைக் கொண்டுவந்து கொடுத்தார். பன்னிரண்டு வயதில் கையில் கிடைத்த வடிவியல் நூல் ஐன்ஸ்டைனை ஆட்கொண்டது. பதினாறு வயதுக்குள் நுண்கணிதத்தையும் தாமாகவே கற்றுக்கொண்டார்.

தொழில் நொடித்துப் போனதால் குடும்பம் 1894இல் இத்தாலிக்குக் குடிபெயர்ந்தது. படிப்பை முடிப்பதற்காக மியூனிக்கில் விடப்பட்ட ஐன்ஸ்டைன், பள்ளியின் கெடுபிடி பிடிக்காமல் அந்த ஆண்டு இறுதியிலேயே பெற்றோரிடம் போய்ச் சேர்ந்தார். மறு ஆண்டு, சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரிலுள்ள தொழில்நுட்பக் கல்லூரியின் நுழைவுத் தேர்வை எழுதினார். வழக்கமான வயதைவிட இரண்டு வயது குறைவு. கணிதத்திலும் இயற்பியலிலும் சிறப்பாகச் செய்தார். பொதுப் பாடங்கள் காலை வாரிவிட்டன. ஆராவ் என்ற சிற்றூரின் பள்ளியில் ஓராண்டு படித்துவிட்டு, 1896ஆம் ஆண்டு அக்டோபரில் அதே கல்லூரியில் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 17.

ஆசிரியர்களுக்குப் பஞ்சமில்லை

அவர் சேர்ந்தது கணித, அறிவியல் ஆசிரியர்களை உருவாக்கும் பிரிவு. அந்த ஆண்டு கணிதமும் இயற்பியலும் படிக்கச் சேர்ந்தவர்களில் அவருடன் இறுதித் தேர்வு வரை வந்தவர்கள் நால்வர்: மார்செல் கிராஸ்மன், லூயி கொல்ரோஸ், யாக்கோப் ஏராட், பின்னாளில் ஐன்ஸ்டைனின் மனைவியான மிலேவா மாரிச்.

கற்பித்தவர்களோ அக்காலத்தின் தலைசிறந்த கணித அறிஞர்கள். நுண்கணிதத்துக்கு அடால்ப் ஹுர்விட்ஸ். எண்களின் வடிவியல், சார்புக் கோட்பாடு, பகுப்பாய்வு இயக்கவியல் எனப் பல வகுப்புகளை நடத்தினார் ஹெர்மன் மின்கோவ்ஸ்கி. வளைந்த பரப்புகளை அளக்கும் வடிவியலைக் கற்பித்தவர் கார்ல் கெய்சர். இப்படிப்பட்டவர்களிடம் படிக்கும் வாய்ப்புக்காக வேறு நாடுகளிலிருந்து மாணவர்கள் கடல் கடந்து வந்திருப்பார்கள்.

ஐன்ஸ்டைன் பல நாள் வகுப்புக்கே போகவில்லை. ஆய்வுக்கூடத்தில் நேரம் செலவழித்தார். வகுப்பில் கற்பிக்கப்படாத மாக்ஸ்வெல்லின் மின்காந்தக் கோட்பாட்டை அறைக்குள் உட்கார்ந்து தாமாகவே படித்தார். காண்ட்டின் தத்துவம், கெதேயின் இலக்கியம், நிலவியல் ஆகியவற்றையும் விருப்பப் பாடங்களாகக் கேட்டார். ஆக, அவர் சோம்பேறி அல்லர். உயர் கணிதத்துக்கு மட்டும் அவருடைய பட்டியலில் இடம் குறைந்துபோனது.

அதற்கான காரணத்தை முதிய வயதில் அவரே எழுதியிருக்கிறார். கணிதம் பல கிளைகளாகப் பிரிந்து கிடந்தது; ஒவ்வொரு கிளையும் ஓர் ஆயுளையே விழுங்கிவிடக்கூடியது. அவற்றில் எது அடிப்படையானது, எது இல்லாமலும் சமாளிக்கலாம் என்று பிரித்தறியும் நுண்ணுணர்வு தமக்குக் கணிதத்தில் இல்லை என்று அவர் ஒப்புக்கொண்டார். இரண்டு வைக்கோல் கட்டுகளுக்கு நடுவே நின்று, எதைத் தின்பது என்று தெரியாமல் தவித்த கழுதைக்குத் தம்மை ஒப்பிட்டார். இயற்பியலிலோ எது முக்கியம் என்பது அவருக்கு உடனே புலப்பட்டது. எனவே அந்தப் பக்கமே சாய்ந்துவிட்டார். இயற்பியலின் ஆழத்துக்குப் போக நுட்பமான கணிதம் வேண்டும் என்பது மாணவப் பருவத்தில் தமக்குத் தெரியவில்லை என்றும் எழுதினார்.

கிராஸ்மனின் குறிப்பேடுகள்

வகுப்புக்குப் போகாதவர் தேர்வு எழுதியது எப்படி? அங்கேதான் மார்செல் கிராஸ்மன் வருகிறார். புடாபெஸ்டில் பிறந்த அவர் ஐன்ஸ்டைனைவிட ஒரு வயது மூத்தவர். ஒரு வகுப்பையும் தவறவிடாமல், ஒவ்வொரு பாடத்தையும் அச்சிட்டதைப்போல் தெளிவாகக் குறிப்பெடுப்பார். அந்தக் குறிப்பேடுகளைத் தேர்வு நேரத்தில் தயங்காமல் நண்பரிடம் கொடுத்தார். அவை இன்றும் சூரிக் கல்லூரி நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன.

1898இல் நடந்த இடைநிலைத் தேர்வில் 6 புள்ளிக்கு 5.7 எடுத்து ஐன்ஸ்டைன் முதலிடம் பெற்றார். குறிப்பு கொடுத்த கிராஸ்மனுக்கு 5.6. ஆனால், 1900ஆம் ஆண்டு இறுதித் தேர்வில் நிலைமை மாறியது. கொல்ரோஸ் 5.45, கிராஸ்மன் 5.24, ஏராட் 5.14, ஐன்ஸ்டைன் 4.91. தேறிய நால்வரில் அவர் கடைசி.

மிலேவா மாரிச் எடுத்தது 4.00. சார்புக் கோட்பாடு என்ற கணிதப் பாடத்தில் கிடைத்த மிகக் குறைந்த புள்ளி அவரைக் கீழே தள்ளியது. பட்டயம் மறுக்கப்பட்டது. மறு ஆண்டு கருவுற்றிருந்த நிலையில் மீண்டும் எழுதினார், மீண்டும் தோல்வி. பெண்கள் உயர்கல்விக்குப் போவதே அரிதாக இருந்த காலத்தில் செர்பியக் குடும்பம் ஒன்றிலிருந்து அத்தனை தூரம் வந்தவரின் படிப்பு அத்தோடு நின்றுபோனது.

தேறிய மற்ற மூவருக்கும் கல்லூரியிலேயே உதவியாளர் வேலை கிடைத்தது. ஐன்ஸ்டைனுக்கு இல்லை. ஹுர்விட்ஸிடம் உதவியாளர் இடம் கேட்டு எழுதினார். கணிதக் கருத்தரங்கில் தாம் கலந்துகொண்டதில்லை என்பதையும் அந்தக் கடிதத்தில் சொல்ல வேண்டியிருந்தது. இடம் கிடைக்கவில்லை. இரண்டு ஆண்டுகள் தற்காலிக ஆசிரியராகவும் வீட்டு ஆசிரியராகவும் அலைந்தார். கடைசியில் கிராஸ்மனின் தந்தை சொன்ன பரிந்துரையால் 1902ஆம் ஆண்டு ஜூனில் பெர்ன் நகரக் காப்புரிமை அலுவலகத்தில் மூன்றாம் நிலை அலுவலராகச் சேர்ந்தார்.

ஒதுக்கியது தேடி வந்தது

அந்த அலுவலகத்தில் இருந்தபடியே 1905இல் அவர் வெளியிட்ட கட்டுரைகள் இயற்பியலைப் புரட்டிப் போட்டன. சிறப்புச் சார்பியல் கோட்பாடும் அவற்றில் ஒன்று. அதற்குத் தேவைப்பட்ட கணிதம் பெரிதன்று. தம்முடைய பழைய முடிவு சரிதான் என்று அவர் நினைத்திருந்தால் வியப்பில்லை.

அவரைப் படிப்பில் அக்கறையற்ற மாணவர் என்று கருதிய மின்கோவ்ஸ்கிக்கு அந்தக் கோட்பாடு பெரும் வியப்பளித்தது. காலத்தையும் இடத்தையும் சேர்த்து நான்கு பரிமாணங்கள் கொண்ட ஒரே வடிவியலாக அதை மாற்றி எழுதி, 1908ஆம் ஆண்டு கொலோன் நகரில் உரையாற்றினார். ஐன்ஸ்டைனோ அதைத் தேவையற்ற கணித அலங்காரமாகவே முதலில் பார்த்தார். மறு ஆண்டு ஜனவரியில், 44 வயதிலேயே மின்கோவ்ஸ்கி காலமானார். தம் மாணவர் அந்தக் கணிதத்தின் அருமையை உணர்ந்ததைப் பார்க்க அவர் இல்லை.

ஈர்ப்பு விசையையும் தம் கோட்பாட்டுக்குள் கொண்டுவர ஐன்ஸ்டைன் முயன்றபோதுதான் வழி அடைபட்டது. தாளில் வரைந்த முக்கோணத்தின் மூன்று கோணங்களைக் கூட்டினால் 180 பாகை வரும் என்பது பள்ளிப் பாடம். ஆனால், உலக உருண்டையில் வட துருவத்திலிருந்து இரண்டு கோடுகளைச் சிங்கப்பூருக்குச் சற்றுத் தெற்கே ஓடும் நிலநடுக்கோடு வரை இழுத்துப் பாருங்கள். கீழேயுள்ள இரண்டு கோணங்களே 180 பாகை ஆகிவிடும். துருவத்திலுள்ள கோணம் அதற்கு மேல். வளைந்த பரப்பில் பள்ளி வடிவியல் செல்லாது. ஈர்ப்பு விசை உள்ள இடத்திலும் இப்படித்தான் என்று ஐன்ஸ்டைனுக்குத் தோன்றியது. அதை எழுதிக் காட்டும் கணிதம்தான் அவர் கையில் இல்லை.

1912ஆம் ஆண்டு அவர் பேராசிரியராகச் சூரிக் கல்லூரிக்கே திரும்பினார். கிராஸ்மன் அங்கே கணிதப் பேராசிரியர். ஐன்ஸ்டைன் அவரிடம் போய் உதவி கேட்டார். கிராஸ்மன் நூலகத்தில் தேடி வழியைக் காட்டினார். ஜெர்மானியர் ரீமன் 1854லேயே வளைந்த வெளிகளின் வடிவியலுக்கு அடித்தளம் போட்டிருந்தார். இத்தாலியர்களான ரிச்சியும் லெவி-சிவிட்டாவும் அதைக் கையாளும் கணக்கு முறையை 1901இல் விரிவாக எழுதி வைத்திருந்தனர். அதன் வேர், மாணவப் பருவத்தில் கெய்சர் நடத்திய வளைபரப்புப் பாடங்களில் இருந்தது. அவர் விரும்பிக் கேட்ட மிகச் சில கணித வகுப்புகளில் அதுவும் ஒன்று. ஆனால், அது எதற்கு உதவும் என்று அன்று அவர் அறிந்திருக்கவில்லை.

மூன்றாண்டுப் போராட்டம்

முப்பத்து மூன்று வயதில், பேராசிரியரான பிறகு, ஐன்ஸ்டைன் மீண்டும் மாணவரானார். கணிதத்தின் நுட்பமான பகுதிகளை ஆடம்பரம் என்று நினைத்திருந்த தமக்கு இப்போது அதன்மீது பெரும் மரியாதை வந்துவிட்டதாகச் சக இயற்பியலர் சோமர்பெல்டுக்குக் கடிதம் எழுதினார்.

1913இல் நண்பர்கள் இருவரும் சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டனர். இயற்பியல் பகுதியை ஐன்ஸ்டைனும் கணிதப் பகுதியை கிராஸ்மனும் எழுதினர். அதிலிருந்த சமன்பாடு சரியானதன்று. சரியான சமன்பாட்டுக்கு மிக அருகில் அவர்கள் ஏற்கெனவே வந்திருந்தும், இயற்பியலுக்கு ஒத்துவரவில்லை என்று நினைத்துக் கைவிட்டிருந்தனர். ஐன்ஸ்டைனின் கணக்கேட்டில் அந்தப் பக்கங்கள் இன்றும் உள்ளன.

1914இல் அவர் பெர்லினுக்குப் போனார். 1915ஆம் ஆண்டு நவம்பரில், கைவிட்ட அதே கணித வழிக்குத் திரும்பி, நான்கு வாரங்களில் நான்கு கட்டுரைகளைச் சமர்ப்பித்தார். நவம்பர் 25ஆம் தேதி பொதுச் சார்பியல் கோட்பாட்டின் இறுதிச் சமன்பாடுகள் பிறந்தன. புதன் கோளின் பாதை நூற்றாண்டுக்கு 43 விகலை விலகிச் செல்வதற்குப் பல ஆண்டுகளாக யாராலும் காரணம் சொல்ல முடியவில்லை. அந்தக் கணக்கு இக்கோட்பாட்டில் சரியாகப் பொருந்தியது. 1919 மே 29ஆம் தேதி சூரிய கிரகணத்தின்போது எடுத்த படங்களும் அதை உறுதிசெய்ய, ஐன்ஸ்டைனின் பெயர் உலகெங்கும் பரவியது.

அந்தப் புகழோடு ஜப்பானுக்குக் கப்பலேறியவர், 1922 நவம்பர் 2ஆம் தேதி சிங்கப்பூரில் இறங்கினார். ஜெருசலத்தில் அமையவிருந்த ஹீப்ரு பல்கலைக்கழகத்துக்கு நிதி திரட்டவும் அந்தப் பயணம் உதவியது. மறு ஆண்டு ஜனவரியில் திரும்பும் வழியில் மலாக்காவையும் பினாங்கையும் பார்த்துச் சென்றார். நம் முன்னோர் பலர் இங்கே ரப்பர் தோட்டங்களில் பால் மரம் சீவிக்கொண்டிருந்த காலம் அது.

கடைசிவரை மறவாத கடன்

அதன் பிறகு ஐன்ஸ்டைன் கணிதத்தை ஒதுக்கவில்லை. வால்தர் மேயர் போன்ற கணித வல்லுநர்களை உதவியாளர்களாக வைத்துக்கொண்டார். கிராஸ்மன் நரம்பு நோயால் நெடுங்காலம் துன்புற்று 1936இல் 58 வயதில் மறைந்தார். அவருடைய மனைவிக்கு எழுதிய இரங்கல் கடிதத்தில், ஒழுங்கான மாணவரான அவரையும் ஒழுங்கற்ற தம்மையும் ஐன்ஸ்டைன் நினைவுகூர்ந்தார். 1955 ஏப்ரல் 18ஆம் தேதி பிரின்ஸ்டனில் இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன், சூரிக் கல்லூரியின் நூற்றாண்டையொட்டி எழுதிய நினைவுக் குறிப்பிலும் அந்தக் குறிப்பேடுகளுக்கு நன்றி சொன்னார்.

வகுப்புக்குப் போகாமலேயே மேதையாகலாம் என்று இந்த வாழ்க்கையைக் காட்டிச் சொல்பவர்கள் உண்டு. கிராஸ்மன் இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவர்கள் கேட்டுப் பார்ப்பதில்லை. அதே வகுப்பில், அதே கணிதத்தில் சறுக்கிய மிலேவாவுக்கு இரண்டாவது வாய்ப்பும் கைகொடுக்கவில்லை.

எந்தப் பாடம் எப்போது உதவும் என்று 17 வயதில் ஐன்ஸ்டைனாலேயே கணிக்க முடியவில்லை. பாடப் பதிவில் குழம்பும் நம் பிள்ளைகள் அதற்காக வெட்கப்படத் தேவையில்லை. புள்ளி எளிதாகக் கிடைக்கும் என்பதற்காக மட்டும் ஒரு பாடத்தை எடுப்பதற்கு முன், அந்தத் துறையின் விரிவுரையாளரைப் போய்ப் பார்த்து, அதற்கு அடுத்து எந்தப் படிப்புக்கெல்லாம் அந்தக் கணிதம் தேவைப்படும் என்று கேட்கலாம். கடினமான ஒரு பாடத்தையாவது எடுத்துப் பார்க்கலாம். குறிப்பெடுக்கும் நண்பர் ஒருவரையும் தேடிக்கொள்ளலாம். அந்த நண்பராக நாமே இருந்துவிட்டால் இன்னும் நல்லது.