தீப்பொறி தந்த இராபர்ட் போஷ்

நோயாளியைக் காணும் மருத்துவர் முதலில் நாவை நீட்டச் சொல்கிறார். உடலின் உள்ளே நிகழ்வதை நாவின் நிறம் அவருக்கு உணர்த்துகிறது. மோட்டார் வண்டியின் எந்திரத்திற்கும் அத்தகைய நா ஒன்று உண்டு. அதுவே ‘ஸ்பார்க் பிளக்’ என்னும் சிறு கருவி. சிலிண்டர் என்னும் உருளைக்குள் பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்த கலவையை அது தன் தீப்பொறியால் எரியச் செய்கிறது. கழற்றிப் பார்ப்பவருக்கோ எந்திரத்தின் உடல்நலத்தையும் எடுத்துரைக்கிறது. இக்கருவி செம்மையுற்று உலகெங்கும் பரவ உழைத்தவர்களுள் தலைசிறந்தவர் இராபர்ட் போஷ்.

ஜெர்மனி நாட்டில் ஊல்ம் நகருக்கு அருகிலுள்ள ஆல்பெக் என்னும் சிற்றூரில், 1861ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 23ஆம் நாள் போஷ் பிறந்தார். பெற்றோருக்குப் பிறந்த மக்கள் பன்னிருவருள் அவர் பதினோராமவர். பள்ளிப் படிப்பு முடிந்ததும் ஊல்ம் நகரில் நுண்கருவித் தொழிலைப் பயின்றார். 1884இல் அமெரிக்கா சென்று எடிசனின் தொழிற்சாலையில் பணியாற்றினார்; பின்னர் இங்கிலாந்திலும் தொழில் அறிவைப் பெருக்கிக்கொண்டார். தாயகம் திரும்பி, 1886 நவம்பர் 15ஆம் நாள் ஸ்டுட்கார்ட் நகரில் சிறு பட்டறை ஒன்றைத் தொடங்கினார். ஒரு தொழிலாளியும் ஒரு சிறுவனுமே அன்று அவருக்குத் துணை.

அடுத்த ஆண்டே, நிலையாக நின்று இயங்கும் எந்திரங்களுக்கான ‘மாக்னெட்டோ’வை அவர் செய்து கொடுத்தார். மின்கலத்தின் உதவியின்றி, காந்தத்தின் துணைகொண்டு தானே மின்சாரத்தை உண்டாக்கும் கருவி அது. அக்காலத்து மோட்டார் வண்டிகள் பலவற்றில், விளக்கின் சுடரால் பழுக்கக் காய்ச்சிய குழாயே எரிபொருளைப் பற்றவைத்தது. அதனால் தீவிபத்து நேரும் என்ற அச்சம் எப்போதும் இருந்தது. 1897இல் போஷின் பட்டறையினர் மாக்னெட்டோவை விரைவாக ஓடும் மூன்று சக்கர மோட்டார் வண்டிக்கு ஏற்ப அமைத்தனர். 1902இல் அவருடைய பொறியாளர் காட்லாப் ஹோனோல்டு உயர் மின்னழுத்த மாக்னெட்டோவையும் அதற்கேற்ற ஸ்பார்க் பிளக்கையும் உருவாக்கினார். மோட்டார் தொழிலின் பெருந்தடை ஒன்று நீங்கியது.

ஸ்பார்க் பிளக் உரைக்கும் மொழியைச் சிறிது அறிவோம். பழைய மோட்டார் வண்டி ஒன்றின் எந்திரத்தைப் பிரித்துப் புதுப்பித்துள்ளனர் எனக் கொள்வோம். வண்டியைச் சிறிது தொலைவு ஓட்டியபின் பிளக்குகளைக் கழற்றி, உருளைகளின் வரிசை மாறாமல் வைத்து நோக்குவர். முனை இளம்பழுப்பாகவோ வெளிர்சாம்பலாகவோ இருப்பின் எந்திரம் நலமாயுள்ளது. உலர்ந்த கரி படிந்திருப்பின் கலவையில் பெட்ரோல் மிகுதி எனலாம். கருமையுடன் எண்ணெய்ப் பசையும் இருப்பின், பிஸ்டன் வளையங்களின் வழியாகவோ வால்வுகளின் ஓரமாகவோ எண்ணெய் கசிகிறது. புதிய வளையங்கள் படியும்வரை இது சிறிது தோன்றலாம். நீடித்தால் எந்திரத்தை மீண்டும் பிரித்தல் வேண்டும். முனை வெளுத்துக் கொப்புளித்திருப்பின் வெப்பம் எல்லை கடந்துவிட்டது. பெட்ரோல் குறைந்த கலவையோ, உரிய நேரத்திற்கு முன்பே பொறி எழுவதோ அதற்குக் காரணமாகலாம். ஒரு பிளக் மட்டும் வேறுபட்டால் குறை அவ்வுருளையில் உள்ளது. எல்லாம் ஒருங்கே மாறினால் குறை பொதுவானது.

ஆயினும் நிறத்தை மட்டும் கண்டு முடிவு கூறலாகாது. வண்டி நெடுநேரம் நின்றபடியே ஓடினாலும் கரி படியும். ஈயம் கலவாத இன்றைய பெட்ரோலில் நிறம் வெளிறித் தோன்றும். எந்திரத்திற்கு ஒவ்வாத பிளக்கைப் பொருத்தினாலும் குறி பிறழும். வெப்பத்தை விரைந்து வெளியேற்றும் பிளக்கும் உண்டு. தேக்கிவைக்கும் பிளக்கும் உண்டு. இவ்வேறுபாட்டை எண்ணால் குறிக்கும் வெப்ப அளவீட்டைப் போஷின் நிறுவனம் 1927இல் அறிமுகப்படுத்தியது.

பணத்தை இழந்தாலும் வாங்குபவரின் நம்பிக்கையை இழத்தல் கூடாது என்பது போஷின் கொள்கை. தம் பெயர் தாங்கிய பொருள் தரம் குறைந்தது எனப் பிறர் கூறுவதை அவர் பொறுக்கமாட்டார். 1906இலேயே தம் தொழிலாளர்க்கு எட்டுமணி நேர வேலையை ஏற்படுத்தினார். முதல் உலகப் போரின்போது கிடைத்த ஆதாயத்தில் பெரும்பகுதியைப் பொதுப்பணிக்கு வழங்கினார். ஹிட்லரின் ஆட்சியை அவர் வெறுத்தார். யூதர் பலருக்கு உதவினார். அவ்வாட்சியை எதிர்த்த கேர்டெலருக்குத் தம் நிறுவனத்தில் பணி தந்து ஆதரித்தார். எனினும் இரண்டாம் உலகப் போரில் அவருடைய தொழிற்சாலைகள் போர்க்கருவிகளுக்கு வேண்டிய உறுப்புகளைச் செய்தன. வலிந்து கொணரப்பட்ட மக்கள் அங்கே உழைக்க நேர்ந்தது. இதனையும் வரலாறு குறித்து வைத்துள்ளது. பிளக்கில் படிந்த கரியைத் துடைத்துவிட்டு எந்திரம் நலமென்று கூறுதல் பொருந்தாது. பெரியோரின் வாழ்வைப் படிக்கும் முறையும் அதுவே.

1940இல் ஸ்டுட்கார்ட் நகரில் போஷ் நிறுவிய மருத்துவமனை திறக்கப்பட்டது. 1942 மார்ச் 12ஆம் நாள் அவர் மறைந்தார். அவர் விருப்பத்திற்கேற்ப, நிறுவனப் பங்குகளின் பெரும்பகுதி பிற்காலத்தில் ஓர் அறநிலையத்தின் உடைமையாயிற்று. மருத்துவத்திற்கும் கல்விக்கும் அது இன்றும் உதவி வருகிறது.

சிறு கருவியின் முனையில் படியும் நிறம் பேரெந்திரத்தின் உண்மையைக் காட்டுகிறது. நாம் செய்யும் சிறு பணியும் அவ்வாறே நம்மைக் காட்டும். குறையைக் கண்டால் மறைக்காது, காரணத்தை நாடித் திருத்துவோர் கையில் தொழிலும் வாழ்வும் சிறக்கும்.