துறவும் கூத்தும்: சங்கரதாஸ் சுவாமிகள்

இறைவனது ஐந்தொழிற் கூத்தினைப் போற்றும் நம்மவர், ஊர்மேடைக் கூத்தரை இழிவாக நோக்கிய காலம் ஒன்றுண்டு. அக்காலத்தே துறவுக் கோலத்துடன் அம்மேடையைப் புரந்த பெரியார் சங்கரதாஸ் சுவாமிகளாவர்.

சுவாமிகள் 1867-ஆம் ஆண்டு தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் தோன்றினர். தந்தையாரிடமும், பின்னர் வண்ணச்சரபம் தண்டபாணி சுவாமிகளிடமும் தமிழ் பயின்றனர். இருபத்துநான்காம் அகவையில் நாடகத் தொழிலை மேற்கொண்டு, இரணியன், எமன், சனீசுவரன் முதலிய வேடங்களாற் பெரும்புகழ் எய்தினர். அப்புகழிற் பற்றின்றித் துறவு பூண்டு தலயாத்திரை செய்தனர். புதுக்கோட்டைக் கஞ்சிரா வல்லுநர் மான்பூண்டியா பிள்ளை அவரை மகவெனப் பேணி, இசைநுட்பம் உணர்த்தினர்.

மீண்டும் மேடையை அடைந்த சுவாமிகள், இம்முறை தம் புகழை நாடிற்றிலர். கூத்து மரபின் கதைகளையும் நாட்டுப்புற மெட்டுக்களையும் இராக இசையோடிணைத்து, வள்ளி திருமணம், பவளக்கொடி முதலாகப் பல நாடகங்கள் இயற்றினர். மனம்போனவாறு பேசும் நடிகர்தம் வழக்கத்தை வரையறுத்த உரையாடலால் நெறிப்படுத்தினர். 1910-இல் சமரச சன்மார்க்க நாடக சபையையும், 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையையும் நிறுவினர். பின்னதில் எளிய குடிச் சிறார்க்குத் தமிழும் இசையும் ஒழுக்கமும் ஒருங்கே புகட்டினர்.

இறுதிக்காலத்தில் வாதநோய் அவர்தம் நாவை அடக்கிற்று. எனினும் அவர் பாடல்கள் மாணாக்கர் வாயிலாக மேடைதோறும் ஒலித்தன. 1922-ஆம் ஆண்டு நவம்பர் 13-ஆம் நாள் புதுச்சேரியில் இறைவனடி எய்தினர்.

அவர் துறந்தது கலையையன்று. கலையாற் பெருகும் செருக்கையே. யான் எனது என்னும் பற்றொழியின், செய்தொழிலும் சிவத்தொண்டாம் என்பதற்கு அவர் வாழ்வே சான்று.