நான்கு காய்களில் நிலைத்த புகழ்: ரிச்சர்டு ரேட்டி

சதுரங்க உலகம் மறவாத பேரறிஞருள் ஒருவர் ரிச்சர்டு ரேட்டி. அந்நாள் ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசில் அடங்கி, இன்று ஸ்லோவாக்கியாவில் உள்ள பெசினோக் என்னும் ஊரில், 1889-ஆம் ஆண்டு மே 28-ஆம் நாள் பிறந்தார். வியன்னாவில் கணிதம் பயின்றாராயினும், சதுரங்கமே அவர்தம் வாழ்வாயிற்று.

1924-இல் நியூயார்க்கில், எட்டாண்டுகள் தோல்வியே அறியாதிருந்த உலக வீரர் கபபிளாங்காவை ரேட்டி வென்றார். மறு ஆண்டு சாவோ பாவ்லோ நகரில், பலகையைக் காணாமலே ஒரே வேளையில் 29 ஆட்டங்கள் ஆடி உலகச் சாதனை புரிந்தார்.

எனினும், 1921-இல் அவர் இயற்றிய ஒரு சிறு புதிரே அவர் பெயரை இயந்திர யுகத்திற்கும் கொண்டுவந்தது. வெள்ளை ஆடுவோர் பக்கமிருந்து நோக்குவோம். எட்டாம் வரிசையின் வலக்கோடியில் வெள்ளை அரசன். அவனுக்கு மூன்று கட்டம் கீழே கறுப்புக் காலாள். ஆறாம் வரிசையின் இடக்கோடியில் கறுப்பு அரசன். அதே வரிசையில் அவனுக்கு இரண்டு கட்டம் அப்பால் வெள்ளைக் காலாள். முதல் ஆட்டம் வெள்ளைக்கு. கறுப்புக் காலாள் ஓடி அரசியாகிவிடும். வெள்ளை அரசனோ இரண்டு அடி பின்தங்கியவன். தன் காலாளுக்குத் துணை செய்யவும் தொலைவு மிகுதி. தோல்வி உறுதி என்றே தோன்றும்.

ஆனால் அரசன் சாய்வாக நடக்கிறான். சதுரங்கத்தில் சாய்வழியும் நேர்வழியும் அடிக்கணக்கில் ஒன்றே. ஆகவே ஒவ்வோர் அடியிலும் பகைவனையும் நெருங்குகிறான், தன் காலாளையும் நெருங்குகிறான். கறுப்பு ஒன்றைத் தடுக்க முனைந்தால் மற்றொன்று கைகூடும், ஆட்டம் சமனாகும்.

1929-ஆம் ஆண்டு ஜூன் 6-ஆம் நாள், பிராகா நகரில் ஸ்கார்லெட் காய்ச்சலால் ரேட்டி மறைந்தார். வயது நாற்பதே. கணிப்பொறிகள் பிறந்தபின், முன்னாள் உலக வீரர் போட்வின்னிக், தாம் சமைத்த பயனியர் என்னும் சதுரங்க நிரலுக்கு இப்புதிரையும் ஒரு தேர்வாக வைத்தார். சில அடிகளே முன்னோக்கிக் காய்களை எண்ணும் இயந்திரத்திற்கு, இழப்பு மட்டுமே கண்ணிற்படும். ஓரடியில் உறையும் இரு நோக்கம் புலப்படாது.

இன்று ஏழு காய்கள் வரையுள்ள நிலைகளுக்கெல்லாம் கணிப்பொறி விடை வைத்திருக்கிறது. ரேட்டி கண்ட முடிவு சரியே என்பதை அதுவும் உறுதி செய்கிறது. இனி இப்புதிர் சோதிப்பது இயந்திரத்தை அன்று, நம்மையே. நம் காலனிச் சிறுவர் சிறுமியர் இந்நான்கு காய்களையும் பலகையில் வைத்து, அவ்வரசன் நடந்த வழியே நடந்து பார்ப்பார்களாக.