கடற்கரை வீட்டுப் பெரியவர்

கிளியனூரிலிருந்து பிழைப்புக்காகச் சென்னைக்குத் திண்டிவனத்தில் ரயிலேறும் தோழர்களே! பட்டணத்துப் பிரமுகர்களின் மாளிகைகளை வாயிலில் நின்று பார்த்து மலைப்பீர்கள். உங்களுக்குத் திருவல்லிக்கேணிச் சிங்காரவேலரை நாம் நினைவூட்டுகிறோம்.

1860-ல் மீனவர் குலத்தில் பிறந்தவர், வழக்கறிஞர். தென் கடற்கரைச் சாலையில் வீடும், பெரும் நூலகமும் உடையவர். அந்த வசதி அவரைக் குப்பத்து மக்களிடமிருந்து பிரிக்கவில்லை. 1921-ல் வழக்கறிஞர் தொழிலைத் துறந்தார். 1923-ல் இந்தியாவின் முதல் மே தினக் கூட்டங்களை உயர்நீதிமன்றக் கடற்கரையிலும் தம் திருவல்லிக்கேணிக் கடற்கரையிலும் நடத்தினார். 1928-ல் தென்னிந்திய ரயில்வே வேலைநிறுத்தம். திண்டிவனம் வழியே ஓடும் இதே இருப்புப்பாதைத் தொழிலாளருக்காக, முதிய வயதில் சிறை புகுந்தார். 1946-ல் மறைந்தார்.

பேட்டைக்குப் பெருமை மாடிகளால் வருவதல்ல. அங்கே வாழ்ந்தவர் யார் பக்கம் நின்றார் என்பதால் வருவது.